பல்லின் அடியில் ஒரு கோடு

கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டியதும் வண்டியின் சத்தம் மாறிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து அதுவரை மற்ற ரயில்களைப் போலவே உருண்டு வந்த நீலகிரி மலை ரயில், அங்கிருந்து கடித்துக் கடித்து ஏறத் தொடங்குகிறது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இன்னும் இரண்டு எஃகுச் சட்டங்கள் கிடக்கின்றன. இரண்டிலும் வரிசையாகப் பற்கள். ஒரு சட்டத்தில் பல் இருக்கும் இடத்தில் பக்கத்துச் சட்டத்தில் பள்ளம். இன்ஜினுக்கு அடியில் சுழலும் பல்சக்கரம், அதாவது பினியன், இந்தப் பற்களைப் பிடித்துக்கொண்டு முன்னேறுகிறது. ரோமன் அப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த ஏற்பாடு இது. பற்கள் இப்படி மாறிமாறி அமைந்திருப்பதால் ஒரு பல் பிடியை விடுவதற்குள் இன்னொன்று பிடித்துவிடும். குன்னூர் வரை ஏறத்தாழ 19 கிலோமீட்டருக்கு இந்தப் பல்வழிதான். ஏற்றம் கடுமையான இடத்தில் பன்னிரண்டே கால் மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம்.

குன்னூருக்கு 1899இலும் ஊட்டிக்கு 1908இலும் வந்து சேர்ந்த பாதை. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 46 கிலோமீட்டருக்குள் 16 குகைகள், 208 வளைவுகள், சின்னதும் பெரியதுமாக 250 பாலங்கள். பயணிகள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள், பார்க்க வேண்டியதும் அதுதான். இந்த அத்தியாயம் மட்டும் இன்ஜினுக்கு அடியில் இருக்கிற ஒரே ஒரு பல்லைப் பார்க்கக் கேட்கிறது.

அந்தப் பல்லைப் பற்றி யோசித்தால் ஒரு விசித்திரம் தெரியும். ஏறும்போது பினியனின் பல், சட்டத்தின் பல்லைப் பள்ளத்தாக்குப் பக்கமாக உதைக்கிறது. அந்த உதையின் பலத்தில் வண்டி மேலே போகிறது. இறங்கும்போது? வண்டி தானாக ஓடப் பார்க்கும்; பினியன் அதை ஓடவிடாமல் தாங்கிப் பிடிக்கும். அப்போதும் அது சட்டத்தை உதைப்பது பள்ளத்தாக்குப் பக்கமாகத்தான். சுழலும் திசை மாறியிருக்கிறது, சுமை ஏறும் முகம் மாறவில்லை. இன்ஜினையே திருப்பி நிறுத்தாத வரை, ஒவ்வொரு பல்லிலும் ஒரே முகம்தான் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உழைக்கிறது. சுவரில் அடித்த ஆணியில் பையை மாட்டினால் ஆணியின் மேல்புறம் இழுபடும், கீழ்ப்புறம் நசுங்கும் அல்லவா? அதேபோல சுமை ஏறும் முகத்தில், பல் சக்கரத்தோடு சேரும் அடிப்பகுதியில் உலோகம் இழுபடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை இழுபட்டு, விடுபட்டு, மறுபடி இழுபடுகிறது.

அந்தப் பல்லுக்கு ஒரு நாள் கேடு வருமென்றால் அங்கேதான் தொடங்கும். பல்லின் அடியில், அச்சுக்கு இணையாக, மயிரிழையிலும் மெல்லிய கோடாக. அந்தக் கோட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. கிரீஸும் கரியும் இல்லாவிட்டால்கூட முடியாது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் நம் விஷயம்.

எஃகு களைத்துப் போகும் என்பதை உலகுக்குப் பரவலாக உணர்த்தியது ரயில்தான். 1842 மே 8ஆம் தேதி வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலில் முன் இன்ஜினின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென்துருவக் கடல்களைச் சுற்றிவந்த தூமோன் துர்வில் தன் மனைவியோடும் மகனோடும் அதில் மாண்டார். அந்த அச்சு தன் சக்திக்கு மீறிய சுமையைத் தாங்கவில்லை. தினமும் தாங்கிய சுமையைத்தான் அன்றும் தாங்கியது. முறிந்த அச்சுகளை ஆராய்ந்து ராங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் மறு ஆண்டு எழுதினார்: முறிவு திடீரென்று வருவதில்லை, விளிம்பில் தொடங்கி மெல்ல மெல்ல உள்ளே தின்றுகொண்டு போகிறது. பின்னர் பிரஷ்ய ரயில்வேயில் இருந்த ஆகஸ்ட் வோலர் ஆண்டுக்கணக்கில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி முறித்துப் பார்த்தார். ஒரே தடவையில் முறிக்கத் தேவையான சுமையைவிட மிகக் குறைந்த சுமையே, லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப விழுந்தால், எஃகை முறித்துவிடும் என்று காட்டினார்.

லட்சம் என்பது பெரிய எண் என்று தோன்றலாம். 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு இரண்டரை மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போய்ச்சேர அது 18,400 முறை சுற்ற வேண்டும். அச்சின் ஒரு புறம் நசுங்குகிற அதே கணத்தில் எதிர்ப்புறம் இழுபடுகிறது. அரைச் சுற்றில் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. ஆக ஒவ்வொரு சுற்றும் ஒரு முழு அலைக்கழிப்பு. தினம் ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கினால் 27, 28 நாளில் பத்து லட்சம் தாண்டிவிடும். நூறாண்டு தாண்டிய பாதையில் பத்து லட்சம் என்பது ஒரு மாதச் சங்கதி.

களைப்பால் வந்த முறிவின் முகத்தைப் பார்த்தால், அலை வாங்கிப்போன மணலில் இருப்பதுபோல் வரிவரியாக இருக்கும். விரிசல் நின்று நின்று நகர்ந்த தடங்கள் அவை. அந்த வரிகள் எங்கே குவிகின்றனவோ அதுதான் தொடங்கிய இடம். நடுவில் எங்கேயோ வரிகள் நின்று கரடுமுரடாகிவிடும்; மிச்சமிருந்த உலோகம் தாங்காமல் ஒரே நொடியில் பிய்ந்த இடம் அது. நல்ல செய்தி அந்த வரிகளிலேயே இருக்கிறது. விரிசலுக்கும் முறிவுக்கும் இடையில் காலம் இருக்கிறது. அந்தக் காலத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

பழைய ரயில் பட்டறைகளில் இதற்குச் செவியைத்தான் நம்பினார்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும், வெடித்தது கிண்ணம் உடைந்த மாதிரி ஒலிக்கும். இன்னொரு வழி மண்ணெண்ணெயும் சுண்ணாம்புப் பொடியும். பாகத்தை எண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பூச்சு பூசிக் காத்திருப்பார்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து வெளியே வந்து வெள்ளையில் கறையாகத் தெரியும். இரண்டுமே நல்ல யோசனைகள். இரண்டுமே பெரிய வெடிப்புகளைத்தான் பிடிக்கும்.

காந்தத்தின் கதை 1868இல் தொடங்குகிறது. சாக்ஸ்பி என்ற ஆங்கிலேயர் காந்தமேற்றிய துப்பாக்கிக் குழல்களின் மேல் திசைகாட்டியை மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். குழல் நன்றாக இருக்கும் வரை முள் அமைதியாக இருந்தது; உள்ளே குறை இருந்த இடத்தில் முள் விலகி ஆடியது. கண்ணுக்குத் தெரியாத குறையை முள் உணர்ந்தது. அந்தக் குறிப்பு அச்சேறியது, அப்படியே அரை நூற்றாண்டு உறங்கியது.

அதை எழுப்பியது முதல் உலகப்போர்க் காலத்துக் கடைசல் பட்டறை. அமெரிக்காவின் தர நிர்ணய அலுவலகத்தில் இருந்த வில்லியம் ஹோக், காந்தத்தால் இறுகப் பிடிக்கும் மேடையில் வைத்து எஃகுத் துண்டுகளைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். உதிர்ந்த இரும்புப் பொடி சில துண்டுகளின் மேல் வரிவரியாக நின்றது. ஊன்றிப் பார்த்தபோது ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஒரு விரிசல் இருந்தது. பொடியைத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தவர்கள் அவருக்கு முன் எத்தனை பேரோ. அவர் நின்று பார்த்தார். 1922இல் காப்புரிமை பெற்றார். அதைப் பட்டறைக்குரிய முறையாக வளர்த்தவர்கள் ஆல்பிரட் டி ஃபாரஸ்டும் ஃபாஸ்டர் டோனும். 1934இல் அவர்கள் தொடங்கிய மேக்னாஃப்ளக்ஸ் கம்பெனியின் பெயரே பல பட்டறைகளில் சோதனையின் பெயராகிவிட்டது. நம் ஊரில் எம்.பி.ஐ. என்பார்கள், எம்.டி. என்பார்கள். தமிழில் காந்தத்துகள் சோதனை.

இரும்புப் பொடியும் காந்தமும் நீலகிரிக்குப் புதிய ஜோடி அல்ல. சி.டி.சி. முறையில் தேயிலை செய்யும் எந்தத் தொழிற்சாலைக்கும் போய்ப் பாருங்கள்; மூட்டை பிடிப்பதற்கு முன்னால் தூள் காந்தங்களைக் கடந்துதான் வரும். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் உருளைகள் நாள் முழுக்க ஒன்றோடொன்று உரசுகின்றன. தேயும்போது பொடிப்பொடியாக இரும்பு உதிர்ந்து தூளில் கலக்கிறது. ஒரு கிலோ தூளில் 150 மில்லிகிராமுக்கு மேல் இரும்புப்பொடி இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. அங்கே காந்தம் பொடியைப் பிரித்தெடுக்கிறது. நம் சோதனையில் அதே பொடியை நாமே தூவி, அது எங்கே போய் ஒட்டுகிறது என்று கேட்கிறோம்.

ஏன் விரிசலில் போய் ஒட்ட வேண்டும்? சட்டக்காந்தத்தை இரண்டாக உடைத்தால் என்ன ஆகும் என்று பள்ளியில் படித்திருப்போம். வடமுனை ஒரு துண்டும் தென்முனை ஒரு துண்டுமாகக் கிடைக்காது. உடைந்த இடத்தில் புதிதாக ஒரு ஜோடி முனைகள் பிறந்து, இரண்டு முழுக் காந்தங்கள் கிடைக்கும். விரிசல் என்பது பாதி உடைந்த காந்தம். அதன் ஒரு உதடு வடமுனை ஆகிறது, மறு உதடு தென்முனை. இன்னொரு வகையில் சொன்னால், காந்தப்பாயத்துக்கு இரும்பு நல்ல பாதை. காற்று பல நூறு மடங்கு கடினமான பாதை. இரும்புக்குள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காந்தக் கோடுகள் விரிசலின் காற்றிடைவெளியைக் கண்டதும் பிதுங்குகின்றன. கொஞ்சம் அடிப்பக்கமாகச் சுற்றிப் போகும். கொஞ்சம் மேற்பரப்பை விட்டு வெளியே வளைந்து தாண்டி மறுபடி உள்ளே இறங்கும். வெளியே வளைந்த அந்தக் கசிவில் பொடி சிக்கிக்கொண்டு இரண்டு உதடுகளுக்கும் பாலம் கட்டுகிறது.

இதில் கிடைக்கும் பெரிய லாபம் அகலம். விரிசலின் வாய் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே இருக்கலாம். அதன் மேல் கட்டும் பொடி வரப்பு அதைப்போலப் பல மடங்கு அகலம். தொட்டபெட்டாவில் விடிகாலையில் நின்று கீழே பார்த்தால் ஓடைகள் தெரியாது. ஓடை ஓடும் பள்ளங்களில் மட்டும் வெள்ளையாகப் படிந்திருக்கும் மூடுபனி தெரியும். அதை வைத்தே ஓடை எந்தப் பக்கம் வளைந்து போகிறது என்று சொல்லிவிடலாம். பொடி செய்வதும் அதுதான்.

இங்கேதான் இந்தச் சோதனையின் உயிர்நிலை வருகிறது. காந்தக் கோடுகள் விரிசலைக் குறுக்கே வெட்ட வேண்டும். வயலில் ஓடும் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். ஓட்டத்துக்குக் குறுக்கே பலகையைச் செருகினால் தண்ணீர் எழும்பித் தாண்டும். அதே பலகையை ஓட்டத்தோடு நீளவாக்கில் செருகினால் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போய்விடும், மேலே ஓர் அசைவும் இருக்காது. காந்தத்துக்கு இணையாகக் கிடக்கும் விரிசல், எவ்வளவு ஆழமாக இருந்தாலும், பொடியைக் கூப்பிடாது. செங்குத்தாக இருந்தால் நன்றாகக் கூப்பிடும். 45 டிகிரி வரை சாய்ந்திருந்தாலும் ஓரளவு கூப்பிடும். அதற்குக் கீழே நம்பக் கூடாது.

எனவே ஒரு திசையில் காந்தமேற்றிப் பார்த்துவிட்டு ‘விரிசல் இல்லை’ என்று எழுதுகிறவர் பாதிதான் பார்த்திருக்கிறார். திருப்பி வைத்துச் செங்குத்துத் திசையில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். அச்சு போன்ற உருண்டைப் பாகத்துக்கு இதைச் செய்ய இரண்டு வழிகள். ஒன்று, அச்சின் இரு முனைகளையும் பிடித்து அதன் வழியாகவே மின்சாரத்தைச் செலுத்துவது. மின்சாரம் நீளவாக்கில் போனால் காந்தம் வளையல்போல் சுற்றிக்கொண்டு நிற்கும். நீளவாக்கில் ஓடும் விரிசல்கள் அதில் சிக்கும். பட்டறையில் ஹெட் ஷாட் என்பார்கள். மற்றொன்று, அச்சைக் கம்பிச்சுருளுக்குள் நுழைத்து வைப்பது. அப்போது காந்தம் நீளவாக்கில் ஓடும். அச்சை மோதிரம்போல் சுற்றிக் கிடக்கும் விரிசல்கள் சிக்கும். அது காயில் ஷாட். சுழன்று சுழன்று வளையும் அச்சைக் கொல்வது மோதிர விரிசல்தான். ஆகவே அச்சுக்குக் காயில் ஷாட்டைத் தவறவிடவே கூடாது.

நம் பினியன் பல்லுக்கு வருவோம். விரிசல் எங்கே வரும், எப்படிக் கிடக்கும் என்று முன்பே ஊகித்துவிட்டோம்: சுமை ஏறும் முகத்தின் அடியில், பல்லின் அகலம் முழுக்க, அச்சுக்கு இணையாக. அப்படியானால் காந்தம் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குப் போகும் திசையில் ஓட வேண்டும், பல்லடியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு. இதை ஊகிக்க உதவியது காந்தவியல் அறிவு அல்ல. மலையில் அந்தப் பல் என்ன வேலை செய்கிறது என்ற அறிவு. நல்ல சோதனையாளர்கள் கருவியை எடுப்பதற்கு முன்னால் கேட்கும் முதல் கேள்வி ‘இந்தச் சாமான் எங்கே ஓடிச்சு, எந்தப் பக்கம் சுமை தாங்குச்சு?’ என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்காதவரிடம் விலை உயர்ந்த கருவி இருந்தும் பெரிய பயன் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கையடக்கக் கருவிக்கு யோக் என்று பெயர். நுகத்தடிக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்தான் அது. இரண்டு கால்களை விரித்து உலோகத்தின் மேல் ஊன்றினால், ஒரு காலிலிருந்து மறுகாலுக்குக் காந்தம் பாயும். மாற்று மின்சாரத்தில் ஓடும் யோக் குறைந்தது நாலரை கிலோ எஃகுக் கட்டியைத் தூக்க வேண்டும். நேர்மின்சார யோக் என்றால் 18 கிலோ. தூக்காவிட்டால் அந்த யோக்கை ஒதுக்கிவிட வேண்டும். திருச்சியைச் சுற்றி உள்ள பயிற்சி நிலையங்களில் இந்த யோக்கைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு, லெவல் டூ சான்றிதழோடு வளைகுடா நாடுகளுக்குப் போகும் நம் பிள்ளைகள் ஏராளம். பெல் நிறுவனமும் அதைச் சுற்றி வளர்ந்த கொதிகலன் பட்டறைகளும் உருவாக்கிய தொழில் பண்பாடு அது. நீலகிரியின் நீராவி இன்ஜின்கள் பெரிய பழுதுபார்ப்புக்கு இறங்கி வருவதும் அதே திருச்சியின் பொன்மலைப் பணிமனைக்குத்தான். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த எக்ஸ் வகை இன்ஜின்களின் வாரிசுகளை அங்கேயே புதிதாகவும் கட்டியிருக்கிறார்கள்.

வேலை சுத்தம் செய்வதில் தொடங்குகிறது. கிரீஸ், கரி, துரு எல்லாம் போக வேண்டும். மலைக் காற்றின் ஈரத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும். துருவின் சொரசொரப்பில் பொடி வெறுமனே தங்கிவிடும், விரிசல்போல் ஏமாற்றும். பிறகு மெல்லிய வெள்ளைப் பூச்சு, அதன் மேல் கறுப்புப் பொடி நன்றாகத் தெரிவதற்காக. பூச்சு தடித்தால் கசிவு அதைத் தாண்டி வராது. யோக்கை ஊன்றி, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொடியைத் தூவ வேண்டும். மிச்சப் பொடியை மெல்ல ஊதிவிட வேண்டும். ஊதி முடித்த பிறகுதான் மின்சாரத்தை நிறுத்தலாம். இந்த வரிசை மாறினால், இருந்த கோட்டையும் ஊதித் தள்ளிவிடுவோம்.

இன்னும் நுண்ணிய விரிசலுக்கு ஈரமுறை. ஒளிரும் சாயம் ஏற்றிய துகள்களை எண்ணெயிலோ தண்ணீரிலோ கலந்து பாகத்தின் மேல் ஓடவிடுகிறார்கள். துகள் அதிகமானால் எங்கும் ஒளிரும், குறைந்தால் விரிசலே ஒளிராது. அளவு பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. மேலே அகன்று அடியில் கூம்பும். அதன் வடிவத்துக்குப் பேரிக்காய் வடிவம் என்றே பெயர். ஊட்டிப் பேரிக்காயைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படியோ அப்படி. 100 மில்லி கலவையை அதில் ஊற்றி, தண்ணீர் என்றால் அரை மணி நேரம், எண்ணெய் என்றால் ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால், ஒளிரும் துகள் 0.1 முதல் 0.4 மில்லி வரை அடியில் படிய வேண்டும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, புறஊதாக் கதிர் விளக்கு. அறையின் வெளிச்சம் 20 லக்சுக்குள் இருக்க வேண்டும். அந்த இருட்டுக்குக் கண் பழகும் வரை பொறுமையாக நிற்க வேண்டும். வெயிலில் கறுக்கும் கண்ணாடி அணிந்தவர் அதைக் கழற்ற வேண்டும், புறஊதாக் கதிரிலும் அது கறுத்துவிடும். இவ்வளவுக்கும் பிறகு, விரிசல் இருந்தால், இருட்டில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு கோடு எழும். முதல் முறை பார்க்கிறவர்கள் மூச்சை இழுத்துக்கொள்வார்கள். சற்று முன்பு வெளிச்சத்தில் விரலால் தடவிப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்ன இடம் அது.

கோடு எழுந்ததெல்லாம் விரிசலும் அல்ல. சாவித்தடம், திருகுமரையின் விளிம்பு, விட்டம் திடீரென்று குறையும் படி, இரண்டு உலோகங்கள் இறுகச் சேர்ந்த இடம், இவையெல்லாம் காந்தத்தை வெளியே தள்ளும், பொடியைச் சேர்க்கும். காந்தமேறிய துண்டோடு இன்னொரு எஃகுத் துண்டு உரசிவிட்டால்கூட உரசிய தடத்தில் பொடி கிறுக்கல்போல் எழுதும். அது எழுத்து மட்டும்தான். காந்தத்தை நீக்கிவிட்டு மறுபடி பார்த்தால் மறைந்துவிடும், விரிசல் மறையாது. கூர்மையான, நெருக்கமான, தொடர்ச்சியான கோடு என்றால் கவலைப்பட வேண்டும்; மங்கலாக, அகலமாக, பஞ்சுபோலப் பரவியிருந்தால் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே உள்ள குறையாக இருக்கலாம். ஆழத்தில் உள்ளதை இந்த முறை பார்க்காது. சக்கரத்துக்குள் இறுக்கிச் செருகிய அச்சுப் பகுதிக்குப் பொடி போகவே முடியாது. அதனால்தான் ரயில் அச்சுகளின் உட்புறத்தைக் கேளா ஒலியைச் செலுத்தி, எதிரொலியைக் கேட்டுச் சோதிக்கிறார்கள்.

காந்தம் பிடிக்காத உலோகத்திலும் இது செல்லாது. செம்பு, பித்தளை, அலுமினியம் எல்லாம் வெளியே. எவர்சில்வர்? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்: நல்ல எவர்சில்வர் டம்ளரில் காந்தம் ஒட்டாது. தேயிலை உருளைகளும் பெரும்பாலும் அந்த இனத்து எஃகுதான், குரோமியமும் நிக்கலும் மிகுந்தது. அவற்றில் வெடிப்புப் பார்க்க வேண்டுமென்றால் பழைய மண்ணெண்ணெய் முறையின் பேரனான டி.பி. டெஸ்ட்தான் வழி, சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும். அப்படியானால் அந்த உருளையிலிருந்து உதிர்ந்த பொடியைக் காந்தம் எப்படி இழுத்தது? கேட்க வேண்டிய கேள்வி. அடிபட்டு நெரிபட்டு உருக்குலையும்போது அந்த எஃகின் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் ஓரளவு மாறுகிறது. மாறிய பகுதிக்குக் காந்தம் பிடிக்கும். தேய்ந்து விழுந்த பொடி அப்படி நெரிபட்டதுதான்.

எல்லா எவர்சில்வரும் ஒன்றல்ல என்பதற்கு நீலகிரியிலேயே இன்னொரு சாட்சி உண்டு. பைக்காரா ஆற்று நீரை மலையிலிருந்து 900 மீட்டருக்கு மேல் இறக்கி, சிங்காராவில் 1930களிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து வரும் நீர் குழாய்முனையில் வினாடிக்கு 130 மீட்டர் வேகத்தில் பீறிடும். அதை வாங்குவது பெல்டன் சக்கரம். விளிம்பெல்லாம் இரட்டைக் கிண்ணங்கள். நிமிடத்துக்கு 600 சுற்று, ஒரே ஒரு நீர்த்தாரை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கிண்ணம் ஒரு நாளில் 8,64,000 அடி வாங்கும். மலை ரயிலின் அச்சுக்கு ஒரு மாதம் ஆகும் கணக்கு, இங்கே ஒன்றேகால் நாளுக்குள் முடிந்துவிடும். இன்றைய பெல்டன் சக்கரங்களைப் பெரும்பாலும் 13 சதவீதம் குரோமியமும் 4 சதவீதம் நிக்கலும் சேர்ந்த எஃகில் வார்க்கிறார்கள். அதுவும் துருப்பிடிக்காத எஃகுதான், ஆனால் காந்தம் நன்றாகப் பிடிக்கும். அடி வாங்கும் கிண்ணம் எப்படி வளையும்? நம் பினியன் பல்லைப் போலவே, வேரில். கிண்ணம் சக்கரத்தோடு சேரும் வளைவில் இழுபட்டு விடுபட்டு, இழுபட்டு விடுபட்டு. மின்நிலையத்தைப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது, யோக்கோடு வருகிறவர்கள் குனிந்து பார்ப்பது அந்த வேரைத்தான்.

பார்த்து முடித்த பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. காந்தமேறிய பாகத்தை அப்படியே பூட்டி ஓட்ட முடியாது. உதிரும் இரும்புப் பொடியையெல்லாம் இழுத்து வைத்துக்கொண்டு பேரிங்கை அரைத்துவிடும். 770 டிகிரிக்குச் சூடாக்கினால் இரும்பு காந்தத்தை முற்றாக மறந்துவிடும், ஆனால் அந்தச் சூட்டில் பாகத்தின் பதமும் போய்விடும். அதனால் மாற்று மின்சாரம் ஓடும் கம்பிச்சுருளுக்குள் பாகத்தை நுழைத்து, மெல்ல மெல்ல வெளியே இழுக்கிறார்கள். வினாடிக்கு நூறு முறை காந்தத்தின் திசை புரளுகிறது. பாகம் விலக விலக ஒவ்வொரு புரளலும் முந்தியதைவிடச் சற்று வலுக்குறைகிறது. அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் கடைசிப் புரளல் உள்ளேயே தங்கிவிடும். ஒன்றரை மீட்டர் தூரம் வந்ததும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சிறிய அளவுமானியை, அது இல்லாத பட்டறையில் சாக்ஸ்பி பயன்படுத்தியதைப் போன்ற ஒரு திசைகாட்டியை, பாகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திக்கொண்டு போகிறார்கள். முள் அசையாமல் வடக்கையே காட்டினால் பாகம் திரும்ப இன்ஜினுக்குப் போகலாம்.